கலாசி கை காட்டும்வரை

புனே பக்கத்துக் கிர்க்கித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் கண்ணீர்க் கதை ஒன்று வந்து விழும். உடனே கும்பிடுகிற கைகள், அழுகிற முகங்கள், "மனசு தாங்கல" என்று நாலு பேர், "எல்லாருக்கும் அனுப்புங்க" என்று நாற்பது பேர். எல்லாம் ஓய்ந்து வரும் நேரத்தில் ஒற்றை வரி ஒன்று வரும்: "யாரு? எங்க? எப்போ?" அதைப் பார்த்ததும் கதை போட்டவர் போனைக் கவிழ்த்து வைப்பார். தனபாக்கியம் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

மாரியம்மன் கோயில் ஆடிக் கூழுக்கு ஆள் சேர்க்க அவள் தொடங்கிய குழு அது. கூழ் முடிந்ததும் கலைத்திருக்க வேண்டும். கலைக்கவில்லை, இப்போது அனுபவிக்கிறாள். காலை எழுந்தால் தாயைக் கைவிட்ட மகன், மதியம் எஜமானுக்காக உயிர் விட்ட நாய், சாயங்காலம் கண்ணில்லாத பெண்ணுக்குக் கண் கொடுத்த காதலன். நாட்டில் இத்தனை பேர் இத்தனை அழகாக அழுதுகொண்டிருந்தால் வேலைக்குப் போவது யார் என்று கேட்பாள் தனபாக்கியம். நியாயமான கேள்விதான்.

அடுத்த வீட்டு டோரீன் டீச்சர் ஒருநாள், "புனே ஸ்டேஷனில் தவிக்கும் குழந்தை, பெற்றோரிடம் சேரும்வரை பகிருங்கள்" என்று ஒரு படம் போட்டாள். கீழே ஒரு போன் நம்பரும் இருந்தது. ஆயிரம் கைகளுக்கு மாறி வந்த படம். அந்த நம்பருக்கு ஒரு போன் போட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தனபாக்கியம் போட்டாள். எதிர்முனையில் ஒரு மனிதர் மராத்தியில் ஏறக்குறைய அழுதுவிட்டார். பையன் தொலைந்த அன்றே கிடைத்துவிட்டானாம். வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போன் வந்துகொண்டிருக்கிறதாம். தனபாக்கியம் நேராக டோரீனின் கதவைத் தட்டினாள்.

"டோரீன், உன் குழந்தைக்கு மீச முளைச்சி காலேஜ் போறான். இனிமே தேட வாணாம், வுட்டுடு."

"ஏன் தனம், நல்லது செய்யணும்னு ஒரு மனசு இருக்கக் கூடாதா? உனக்கு ஹார்ட்டே கிடையாதா?"

"கீது. அதுக்கு மேல தலைன்னு ஒண்ணும் கீது."

இப்படிப் பேசினால் ஊர் சும்மா விடுமா? கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வைத்தது. அவளும் அதை ஒரு பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள். டோரீன் கோபித்துக்கொண்டு போவாள், மறுநாள் கேக் செய்தால் முதல் துண்டை இவளுக்குத்தான் கொண்டுவருவாள். அது தனிக் கதை.

அந்தக் கல்நெஞ்சு எங்கே வார்க்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஃபேக்டரிக்குத்தான் போக வேண்டும். தனபாக்கியத்தின் புருஷன் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் திடீரென்று போய்விட்டார். கைக்குழந்தை மகளோடு நின்றவளுக்கு அவருக்குப் பதிலாக அங்கே வேலை கொடுத்தார்கள். கருணை அடிப்படையில் என்று ஆர்டரில் எழுதியிருந்தது. அந்தச் சொல் அவளுக்கு நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. பெருக்குகிற வேலை கொடுத்தபோது, தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடிய கிரேனைக் காட்டி, "அத்த ஓட்டக் கத்துக்குடுங்க" என்றாள். பட்டறையே சிரித்தது. ஆறு மாதத்தில் சிரித்த வாயெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. புடவையை இழுத்துச் சொருகி ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கிற கூண்டுக்குள் உட்கார்ந்தாள் என்றால், டன் கணக்கான இரும்பு அவள் விரல் அசைவுக்குப் பூப்போல எழுந்து பூப்போல இறங்கும். "வேல கருணைல வந்துச்சு. நின்னது என் கையால" என்று இன்றைக்கும் சொல்வாள். சொல்லட்டும், உண்மைதானே.

கிரேனுக்கு ஒரு சட்டம் உண்டு. தூக்கு என்று கை காட்ட ஒரே ஓர் ஆளுக்குத்தான் உரிமை. கீழே சங்கிலி மாட்டிச் சரக்கைக் கட்டுகிறவர், கலாசி என்பார்கள், அவர் கை காட்டினால்தான் தூக்க வேண்டும். மேனேஜரே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் தூக்கக் கூடாது. ஆனால் நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும், தேநீர் கொண்டுவருகிற ஆள் சொன்னாலும் சரி. ஏனென்றால், தூக்கியது தவறி விழுந்தால் கீழே நிற்கிறவன் தலை போகும். தூக்காமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் போகாது, கொஞ்ச நேரம்தான் போகும்.

தனபாக்கியத்தின் கலாசி பரமசிவம். வடார்க்காட்டுக்காரர், அவளுக்கும் அதே ஜில்லா. கூடப் பிறக்காத அண்ணன். இயந்திர இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைப்பேச்சுதான். ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டிச் சின்னதாகச் சுழற்றினால், தூக்கு. உள்ளங்கையைக் கீழே காட்டினால், இறக்கு. இரண்டு கையையும் கோத்து வயிற்றருகே வைத்தால், அப்படியே பிடித்து வை. இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டினால் உயிர் போகிற அவசரம், நிறுத்து. சரக்கு பத்திரமாகத் தரையில் உட்கார்ந்ததும் மட்டும் வாயைத் திறப்பார். "ஆச்சா தனம்?" மேலேயிருந்து இவள் கூவுவாள், "ஆச்சுண்ணா!" இத்தனை வருஷத்தில் ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமை இரண்டு பேருக்கும் தலை கொள்ளாமல் இருந்தது.

அப்படிப்பட்டவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காரணம், கல்யாணம். பரமசிவத்தின் ஒரே மகன் சபரிக்குத் தன் மகளைக் கொடுக்க வேண்டும் என்று தனபாக்கியம் கேட்டாள். அத்தை பெண்தானே என்று உரிமையோடு கேட்டாள். சபரி நேரிலேயே வந்து, "மன்னிச்சிடுங்க அத்தை, கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்திய மனசுல வச்சிருக்கேன்" என்றான். ஒளிக்காமல் சொன்னதற்குப் பாராட்ட வேண்டும். தனபாக்கியத்துக்கு அது முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. அவள் மகள் வேறு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டாள், எப்போதோ மறந்தும் போனாள். அம்மாதான் மறக்கவில்லை.

சபரி அந்த மராத்திப் பெண் அஸ்வினியைக் கட்டிக்கொண்டு, புனேக்கு வெளியே சாகண் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருப்பதால் அந்தப் பக்கமே வீடு வாங்கிக்கொண்டு போனான். புதுமனை புகுவிழாவுக்குத் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அழைப்பு வைத்தான். "நீங்க இல்லாம பால் காய்ச்சக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டார், அத்தை" என்று சொல்லி, வழி தவறக் கூடாது என்று வீட்டு லொகேஷனையும் போனில் அனுப்பினான். அவள் வாசலில் நின்றவனை உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தினாள். விழாவுக்கும் போகவில்லை. அன்றிலிருந்து பரமசிவமும் அவளும் எதிர் எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் சாக்கடையைப் பார்ப்பார்.

பரமசிவம் மனைவியை இழந்தவர். மகனோடு போகாமல் கிர்க்கியிலேயே தங்கிவிட்டார். கோயில் இங்கே, கூட்டாளிகள் இங்கே, அடுக்கு மாடியில் மூச்சு முட்டும் என்றார். ஊர் அதை நம்பியதா என்ன? பையன் கூப்பிடவில்லை, பாவம் கௌரவத்துக்காகச் சொல்கிறார் என்றது.

இந்த ஆடியில் அந்த வீடியோ வந்தது. போட்டவள் டோரீன். முதலில் அழுதுகொண்டே குரல் செய்தி, பிறகு வீடியோ.

சாங்வி பக்கம் எங்கோ ஒரு குடியிருப்பு வாசல். மழை தூறிக்கொண்டிருக்கிறது. வெறுங்காலோடு ஒரு கிழவர், இடுப்பில் வேட்டி, இரண்டு கையாலும் துண்டை ஏந்தி நிற்கிறார். ஒரு பெண்மணி ஒரு பிடி அரிசி போடுகிறாள். அவர் குனிந்து வாங்கிக்கொள்கிறார். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, பின்னால் நெஞ்சைப் பிழிகிற புல்லாங்குழல். ஓர் இளைஞன் இந்தியில் கேட்கிறான்: "பாபா, வீட்டில் யாரும் இல்லையா? பிள்ளைகள் இல்லையா?" கிழவர் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் கலங்குகிறது. உடனே எழுத்து ஓடுகிறது: நாட்டுக்காக உழைத்த கைகள் இன்று பிச்சைக்கு நீள்கின்றன. பெரிய கம்பெனியில் மகன். தெருவில் தகப்பன். இந்த மௌனத்துக்கு யார் பதில் சொல்வது?

கிழவர் பரமசிவம். சந்தேகமே இல்லை.

குழு கொதித்தது. படம் எடுத்துப் போட்ட அந்த ரீல்ஸ்காரன் மகன் என்று மட்டும்தான் சொன்னான், அதுவும் குத்துமதிப்பாக. பெயரும் ஊரும் நம் ஆட்கள் சேர்த்தார்கள். சாகண், இன்ஜினியர், சபரி, மராத்திக்காரி மருமகள், சோறு போடாமல் துரத்திவிட்டாள், எல்லாம் அரைமணி நேரத்தில் தயார். பாதிப் பொய் வெளியிலிருந்து வந்தது, மீதிப் பொய்யை வீட்டிலேயே சமைத்துக்கொண்டோம். கோயில் கமிட்டித் தலைவர் சங்கரன் முழங்கினார். ஆடிக் கூழ் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, டெம்போ வைத்து எல்லாரும் சாகண் போக வேண்டும். அவன் வீட்டு வாசலிலும் கம்பெனி வாசலிலும் நின்று, படமெடுத்து, மானத்தை வாங்க வேண்டும். அவனை வேலையை விட்டுத் தூக்கினால்தான் புத்தி வரும்.

ஒரு சிக்கல். அவன் வீடு யாருக்கும் தெரியாது. பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அப்போது யாரோ ஞாபகப்படுத்தினார்கள், தனம்மாவுக்கு லொகேஷன் அனுப்பியிருந்தானே என்று. அவ்வளவுதான். "தனம்மா, போடுங்க." "தனக்கா, ஒரே ஒரு ஃபார்வேர்ட்." "எங்க தனம் இருக்கியா?" வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

தனபாக்கியம் சமையலறையில் நின்றபடி அந்தப் பழைய செய்தியைத் திறந்தாள். சபரியின் வீடு சின்னப் புள்ளியாக அங்கே இருந்தது. விரலை வைத்து அழுத்தினால் போதும்.

மறைக்க என்ன இருக்கிறது, அவளுக்கு இனித்தது. என் பெண்ணை வேண்டாம் என்றவன், இப்போது ஊர் சிரிக்க நிற்கப் போகிறான். வாழ்நாளில் ஒரு ஃபார்வேர்டும் செய்யாத விரல், இந்த ஒன்றுக்கு மட்டும் அரித்தது. யாரு, எங்க, எப்போ என்று கேட்கவே அவளுக்குத் தோன்றவில்லை. யார் என்று தெரியும். இந்தக் கதை பொய்யாக இருக்கக் கூடாது என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவளை உசுப்பியது. எந்தக் கதைக்கும் ஆசைப்படாதவள் இதற்கு மட்டும் ஏன் நாக்கைத் தொங்கப்போடுகிறேன் என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

போனை வைத்துவிட்டு யோசித்தாள். கூட்டமே தூக்கு தூக்கு என்று கத்துகிறது. கொக்கி என் கையில் இருக்கிறது. கலாசி எங்கே?

கலாசி பத்து நிமிஷ நடையில் இருந்தார். வேடிக்கை என்னவென்றால், குழுவில் பாதிப் பேருக்கு அவர் வீடு அதைவிடப் பக்கம். ஒருவர் போய்க் கேட்கவில்லை. கேட்டால் மனுஷன் மனம் நோகுமாம், அவமானப்படுவாராம். நம் ஆட்களின் நாசூக்கு அப்படி. முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சம், முதுகுக்குப் பின்னால் ஊரையே கூட்டக் கூச்சமில்லை.

தனபாக்கியம் குடையை எடுத்தாள். அந்தப் பத்து நிமிஷம் அவளுக்கு ஃபேக்டரி ஏணியை விடச் செங்குத்தாக இருந்தது. வருஷக்கணக்காகப் பேசாத மனுஷனின் வாசலில் போய் நிற்க வேண்டும். மூன்று முறை திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, "சீ, போ" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

பரமசிவம் திறந்தார். பார்த்தார். முகம் மலர்ந்தது, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். பேசவில்லை.

"இன்னாண்ணா, வாய்ல கொழுக்கட்டையா? நான்தான் பேசாம இருந்தேன். வந்துட்டேன் இல்ல? பேசு."

அவர் வாயில் விரல் வைத்து, மேலே கும்பிட்டுக் காட்டினார். உள்ளே வரச் சொல்லி ஒதுங்கினார்.

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஃபேன் அடியில் வெள்ளை வேட்டி விரித்து அரிசி உலர்த்தியிருந்தார். மழையில் நனைந்த அரிசி. ரேஷன் அரிசி, பாசுமதி, கொட்டை அரிசி, குருணை, எல்லாம் கலந்து கிடந்தது. ஒரே வீட்டு அரிசி இல்லை அது, ஊர் அரிசி. கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டு மஞ்சள் வேட்டி. அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் கட்டிய காப்பு. கதவு நிலையில் வேப்பிலை.

"அட பாவிங்களா!" என்றாள் தனபாக்கியம். "மடிப்பிச்சை!"

அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, இருக்கிறவன் இல்லாதவன் மாதிரி வீடு வீடாகப் போய் மடியேந்தி, கிடைத்ததைக் கோயிலில் கொட்டுவது. கூழுக்குப் போகிற அரிசி. அவள் தாயே எடுத்திருக்கிறாள். கிர்க்கியில் பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வேண்டுதல். ஆனால் எடுப்பவர்கள் தெரிந்த தெருவில்தான் எடுப்பார்கள், வாசலில் மஞ்சளைப் பார்த்ததும் மரியாதையோடு முறத்தில் கொண்டுவந்து போடுவார்கள். இவர் எதற்கு சாங்விக்குப் போனார்? கேட்டாள். பரமசிவம் தெருவைக் காட்டி, இரண்டு கையையும் கூப்பி ரொம்பப் பணிவாக வணங்கிக் காட்டினார். அது வேண்டாம் என்று தலையை ஆட்டினார். புரிந்தது. தெரிந்தவர்கள் மரியாதைக்குப் போடுவார்கள், அது பிச்சையாகாது. யாரென்றே தெரியாதவன் வாசலில் போய்க் குனிய வேண்டும். மனுஷனுக்கு எதிலும் அரைகுறை பிடிக்காது, சங்கிலி மாட்டுவதிலும் அப்படித்தான். மௌன விரதம் வேறு. கறுப்பு வெள்ளையில் மஞ்சள் எங்கே தெரியப் போகிறது? அந்த ரீல்ஸ்காரப் புண்ணியவான் இருந்த ஒரே அடையாளத்தையும் துடைத்துவிட்டான்.

"யாருக்குண்ணா வேண்டுதல்?"

பரமசிவத்தின் கைகள் மறுபடி பட்டறைக் கைகள் ஆயின. இரண்டு முஷ்டியையும் முன்னால் நீட்டி முறுக்கினார். பைக். சட்டென்று சாய்த்தார். உள்ளங்கையால் தரையில் ஓங்கி அடித்தார். இடுப்பைத் தொட்டார், கையைப் படுக்கையாக்கினார், ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு இரண்டு விரலை எடுத்து உள்ளங்கை மேல் மெல்ல, தடுமாறி, நடக்கவிட்டார். ஒரு விரல், அடுத்த விரல்.

"சபரி வுழுந்துட்டானா? இடுப்பா? ஐயோ, இப்போ நடக்கறானா? நடக்கறான் இல்ல?"

தலையை ஆட்டினார். கண்ணீர் தாடைவரை வழிந்தது. தனபாக்கியத்துக்கும் அடக்க முடியவில்லை. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவர்களில் அவளும் ஒருத்தி. கல்நெஞ்சுக்காரி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"இத்தினி நடந்திருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ."

பரமசிவம் அவள் வீடு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் கதவு மாதிரி சேர்த்துச் சாத்தினார். கோபமாக இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனை எடுத்தாள்.

வீடியோவைக் காட்டினாள். தன்னைத்தானே பார்த்து, புல்லாங்குழலைக் கேட்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். கீழே சபரியைப் பற்றி வந்தவற்றை அவள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். சாகண் கம்பெனி வாசல், டெம்போ, வேலையை விட்டுத் தூக்குவது. சிரிப்பு நின்றது. பரமசிவம் எழுந்தார். இரண்டு கையையும் அகல விரித்து, பட்டறையில் ஆட்டியதைவிட வேகமாக ஆட்டினார்.

"நிறுத்திட்டேண்ணா. இதப் பாரு, நிறுத்திட்டேன்." அந்த லொகேஷனை அவர் கண் முன்னாலேயே அழித்தாள். "மடிப்பிச்சைன்னு சொல்லிடட்டா? இப்பவே எழுதிப் போடறேன், வாய மூடிடுவானுங்க."

அவர் இரண்டு கையையும் கோத்து வயிற்றருகே வைத்தார். பிடித்து வை. சொல்லிவிட்டு எடுத்தால் வேண்டுதல் நிறைவேறாது என்று நம்பினார் போலும். கூழ் ஊற்றும்வரை யாருக்கும் தெரியக் கூடாது.

"சரி. பிடிச்சிக்கறேன்."

சொல்வது சுலபம். வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினாள்: "பரமசிவம் அண்ணனை நேர்ல பாத்தேன். இந்தக் கதை பொய். இனிமே யாரும் இதை அனுப்பக் கூடாது. காரணம் ஞாயித்துக்கிழமை தெரியும். நம்பிக்கை இல்லாதவங்க அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்க, பக்கம்தான்."

ஒருவரும் போகவில்லை. எல்லாரும் இவள்மேல் பாய்ந்தார்கள். ஆதாரம் எங்கே? பொய்யென்றால் எது மெய்? வீடியோவில் தெரிகிறதே, கண் குருடா? தகப்பன் கண்ணீரைப் பார்த்தும் இரங்காத ஜென்மம். சங்கரன் குரல் செய்தியே அனுப்பினார், எல்லாரும் கேட்கும்படி. "இன்னா தனம், சபரி உனக்கு இன்னா குடுத்தான்? இல்ல, இன்னும் சம்பந்தம் பேசிகினு கீறியா?"

அது மட்டும் உள்ளே போய்த் தைத்தது. பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வார்த்தை போட்டால் சங்கரன் வாய் அடைத்துப்போகும். போடவில்லை. டோரீன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சொல்லித் தொலையேன் தனம், எனக்கே தாங்கல" என்று கெஞ்சினாள். "கலாசி கை காட்டட்டும்" என்று மட்டும் சொன்னாள் இவள். டோரீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் போட்ட வீடியோவை அழித்துவிட்டாள். அழித்த முதல் ஆள் அவள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அண்டாவில் கூழ் கொதித்தது. தூறல் விட்டுவிட்டு அடித்தது. தனபாக்கியம் வழக்கம்போலத் துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவரும் வரவில்லை, டோரீன் மட்டும் பச்சை வெங்காயம் உரித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் சங்கரனைச் சுற்றிக் கூட்டம், நாளைக்கு டெம்போ எத்தனை மணிக்கு என்று பேச்சு.

பேச்சு திடீரென்று நின்றது. எல்லாரும் தெருவைப் பார்த்தார்கள்.

பரமசிவம் வந்துகொண்டிருந்தார். பளீரென்ற மஞ்சள் வேட்டி, தலையில் அரிசி மூட்டை. பக்கத்தில் சபரி. இடுப்பில் பட்டை கட்டி, ஒரு கையில் ஊன்றுகோலோடு, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, நடந்து வந்தான். மராத்திக்காரி என்று ஊர் கரித்துக்கொட்டிய அந்தப் பெண் அஸ்வினி தான் நனைந்தபடி இரண்டு பேருக்கும் குடை பிடித்து வந்தாள். மூன்று பேர் நெற்றியிலும் விபூதி. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய ஆட்களில் ஒருவர், "அடடா, மடிப்பிச்சை அரிசி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இளசுகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இந்தியில் சொன்னார்கள். கூட்டத்தில் பல பேர் சட்டைப்பையில் இருந்த போன் அப்போது கனத்திருக்கும்.

பரமசிவம் மூட்டையை அவிழ்த்து அரிசியை அண்டாவில் கொட்டினார். சாங்வி அரிசி, பாணேர் அரிசி, பெயர் தெரியாத எத்தனையோ வீட்டு அரிசி. அரிசி வெந்து குழையும்வரை தனபாக்கியம் கிண்டினாள். பூசாரி பரமசிவத்தின் காப்பை அவிழ்த்தார். முதல் சொம்புக் கூழை சபரி நின்றபடியே வாங்கிக் குடித்தான்.

சங்கரன் அண்டா பக்கம் வந்தார். மனுஷன் முகம் சுண்டிப்போயிருந்தது.

"தப்பு தனம், என் பேச்சு தப்பு. தெரிஞ்சிகினே இத்தினி நாளு ஏன் வாங்கிக் கட்டிக்கின? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"கலாசி கை காட்டல" என்றாள் தனபாக்கியம்.

அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்ற பரமசிவம் அவளைப் பார்த்தார். விரதம் முடிந்துவிட்டது, பேசலாம். பேசவில்லை. வலது கையை உயர்த்தினார். ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டி, சின்னதாக, நிதானமாகச் சுழற்றினார்.

துடுப்பை டோரீன் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள் தனபாக்கியம். தகப்பனையும் மகனையும் மருமகளையும் சேர்த்து நிற்கவைத்தாள். மஞ்சள் வேட்டி மஞ்சளாகவே விழுந்தது. கீழே எழுதினாள்: "பரமசிவம் அண்ணன், மகன் சபரி, மருமகள் அஸ்வினி. கிர்க்கி மாரியம்மன் கோயில், இன்னிக்கு. மகன் பிழைச்சதுக்கு மடிப்பிச்சை எடுத்தார். பக்கத்துல நின்னு நானே எடுத்த படம்." கொஞ்சம் யோசித்து, வாழ்க்கையில் முதல் முறையாக இன்னொரு வரி சேர்த்தாள்: "எல்லாருக்கும் அனுப்புங்க."

கோயில் வாசல் முழுக்க போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. அந்த ரீல்ஸ்காரனின் வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்து அழுதார்கள், இன்னும் அழுதுகொண்டிருப்பார்கள். இதைப் பார்த்தவர்கள் அதில் கால் தூசி இருக்க மாட்டார்கள். தனபாக்கியத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சாகணுக்கு டெம்போ போகாது, அது போதும் அவளுக்கு. வேலைக்கும் மானத்துக்கும் பழுதில்லாமல் பிள்ளை தரையில் நிற்கிறான்.

சபரி ஊன்றுகோலை ஊன்றி அவள் பக்கம் வந்தான். "அத்தை, பால் காய்ச்சினப்போதான் வரல. அடுத்த வாரமாவது வீட்டுக்கு வாங்க."

"லொகேஷனை அழிச்சிட்டேன்டா" என்றாள். "மறுபடி அனுப்பு."

அப்போதுதான் பரமசிவம் வாய் திறந்தார். இத்தனை நாள் பூட்டியிருந்த தொண்டை, முதலில் காற்று மட்டும்தான் வந்தது. கனைத்துச் சரிசெய்துகொண்டு, பட்டறையில் அண்ணாந்து கேட்பாரே, அதே மாதிரி உரக்கக் கேட்டார்.

"ஆச்சா தனம்?"

கிர்க்கித் தெரு முழுக்கக் கேட்க அவள் கூவினாள்.

"ஆச்சுண்ணா!"